ஒன்பதாவது கிண்ணம்

1

அன்று மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள்:

லியோங் சேட். ஓட்டல் முதலாளி. சீனர். பம்பாயில் முதலாளி எந்தத் தேசத்துக்காரர் ஆனாலும் சேட்தான்.

அவர் மனைவி. சேட்டாணி என்போம். அதிகம் பேசமாட்டார்.

மகள் லில்லி. பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் அது.

பெரிய குக். அவரும் சீனர். ஒரு காது கேட்காது.

பெட்ரு. கோவாக்காரர். மேசைக்குக் கொண்டுபோய்ப் பரிமாறுகிறவர்.

பகதூர். நேப்பாளி. வாசலில் நிற்பவர்.

காதர். மேலப்பாளையம். காய் நறுக்குகிறவர்.

நான். சவரிமுத்து. கிண்ணம் கழுவுகிறவன்.

எட்டுப் பேர். இந்த எட்டை எழுத எனக்கு ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது.

நம் கோயில் திருவிழா மலருக்குப் பம்பாயைப் பற்றி எழுதி அனுப்பும்படி ஊரிலிருந்து கடிதம் வந்தது. சீனா ஓட்டலில் வேலை பார்த்தவன் ஆனபடியால் அந்தச் சாப்பாட்டைப் பற்றி எழுதினால் எல்லாரும் விரும்பிப் படிப்பார்கள் என்று கேட்டிருந்தார்கள். பாம்பு, தவளை உண்டா என்றும் கேட்டிருந்தார்கள். நான் பார்த்தவரை இல்லை. சோறு, மீன், கோழி, பன்றி, நண்டு, கீரை. நாம் தின்கிறதுதான். மசாலா கிடையாது, அவ்வளவே.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2

ஓட்டல் மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனுக்கும் மாஹிமுக்கும் நடுவில் இருந்தது. தாராவியில் நாங்கள் இருக்கும் ஒற்றை அறையிலிருந்து நடந்தே போகலாம்.

பம்பாய்க்கு வந்த புதிதில் தோல் கிடங்கில் இருந்தேன். உப்புப் போட்ட தோல் கைவிரலைத் தின்றுவிட்டது. காதர்தான் ஓட்டலுக்கு அழைத்துப் போனார். சேட் என் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கிண்ணம் உடைப்பாயா என்று ஹிந்தியில் கேட்டார். உடைக்கமாட்டேன் என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

கிண்ணங்கள் கப்பலில் வந்தவை. மெல்லியவை. வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் விரல் நிழல் தெரியும். உள்ளே அடியில் நீலத்தில் ஒரு மீன் எழுதியிருக்கும். கடை அடைக்கும் நேரத்தில் சேட் முன்பக்கத்திலிருந்து கூப்பிடுவார்.

"முத்து, கித்னா?"

எத்தனை என்று அர்த்தம். நான் அடுக்கியதை எண்ணிச் சத்தமாகச் சொல்வேன். அவர் சுவரில் சாக்கட்டியால் எழுதுவார். ஆறு வருஷத்தில் ஒரு நாளும் உள்ளே வந்து சரிபார்த்ததில்லை.

கழுவும் இடத்திலிருந்து ஆட்களைப் பார்க்க முடியாது. சுவரில் ஓர் ஓட்டை. அதன் வழியாக எச்சில் கிண்ணம் வரும். இன்று எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று காதர் கேட்டால் நான் கிண்ணத்தைச் சொல்வேன். நாற்பது கிண்ணம் என்றால் நாற்பது பேர். ஆளுக்கு ஒரு கிண்ணம். முகம் தெரியாமல் அப்படியே ஆறு வருஷம் எண்ணிப் பழகிவிட்டேன்.

லில்லி பள்ளிக்கூடம் விட்டதும் சமையலறைக்கு வந்து வெங்காயச் சாக்கின் மேல் உட்காருவாள். காதர் பேசப் பேசக் கேட்டுத் தமிழ் படித்துக்கொண்டாள். அவள் படித்தது மேலப்பாளையத்துத் தமிழ். சின்னப் பெண், சீன முகம், என்னைப் பார்த்து "என்னவே முத்து, தண்ணி சுடுதா?" என்பாள். மரியாதை குறைவென்று அவளுக்குத் தெரியாது. காதரும் திருத்தவில்லை. சிரிப்பார்.

அதே வயதில் என் மகள் ரோசி தெருவில் ஹிந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

3

சீனாவோடு எல்லையில் சண்டை வந்தது. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு நாள் முன்பக்கக் கண்ணாடியில் கல் விழுந்தது. சேட்டே ஏணி போட்டு ஏறிப் பெயர்ப் பலகையில் சுண்ணாம்பு அடித்தார். பகதூரை வாசலில் நிற்க வேண்டாம் என்று உள்ளே அழைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்து அவரையும் சீனன் என்று அடித்துவிடுவார்கள் என்று பயம்.

சீனர்கள் எல்லாரும் போலீஸ் ஆபீஸில் போய்ப் பெயர் பதிய வேண்டும் என்று உத்தரவு. ஒரு ராத்திரி வெளியே தங்கினால் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வேறொரு சீனர் வந்தாலும் சொல்ல வேண்டும். சேட் வாரந்தோறும் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

சண்டை நின்று இரண்டு மாதத்தில் அவர்களுடைய வருஷப் பிறப்பு வந்தது. பொங்கல் கழிந்து வரும் அமாவாசையை ஒட்டி வரும். அதற்கு முந்தின நாள் ஓட்டலுக்கு லீவு. வருஷத்தில் அந்த ஒரு நாள் நாங்கள் வாடிக்கைக்காரர் உட்காரும் வட்ட மேசையில் உட்காருவோம். சேட் எங்களுக்குப் பரிமாறுவார். அந்த வருஷம் வேண்டாம் என்று சேட்டாணி சொன்னாராம். சேட் கேட்கவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டுச் சாயந்திரம் நாலு மணிக்கே வைத்தார்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அன்றைய சாப்பாட்டைச் சொல்கிறேன். முதலில் கோழிச்சாறு, தெளிந்த நீர் மாதிரி. பிறகு இழை இழையாகக் கோதுமைச் சேவை, நீளமாக. அதை உடைக்கக் கூடாது. நீளம் ஆயுசு என்று சேட் சொன்னார். கீரைத் தண்டு, பூண்டு போட்டு நெருப்பில் ஒரு புரட்டு. பன்றி இறைச்சி, சர்க்கரை சேர்ந்த கருப்புச் சாற்றில். காதருக்கு அது ஆகாது. அவருக்கென்று தனிச் சட்டியில் முட்டையும் சோறும் பெரிய குக்கே செய்து தந்தார். கடைசியில் மீன். தலை வால் எதுவும் எடுக்காமல் முழுசாக ஆவியில் வேகவைத்து, மேலே இஞ்சி நறுக்கிப் போட்டு. புளி இல்லை, மிளகாய் இல்லை.

காதர் என் காதுக்குள், "மீனைக் குளிப்பாட்டிக் கொண்டாந்துட்டான்வே. குழம்பு வைக்க மறந்துட்டான்" என்றார்.

லில்லிக்கு அது கேட்டுவிட்டது. வாயில் இருந்ததைத் துப்பப் பார்த்தாள். அப்படிச் சிரித்தாள். அவள் சிரிப்பைப் பார்த்து, என்னவென்று தெரியாமலே சேட்டும் சிரித்தார். ருசியாகத்தான் இருந்தது அந்த மீன். எனக்கு இன்னும் நாக்கில் இருக்கிறது.

சேட்டுக்கும் பெரிய குக்குக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு முன்னும் ஒரு கிண்ணம் இருந்தது. குச்சி இருந்தது. தேநீர் ஊற்றியிருந்தது. எங்களுக்கு வைக்கும் முன்னால் சேட் அந்தக் கிண்ணத்தில் மீன் துண்டு ஒன்றை வைத்தார்.

"யாருக்குவே அது? இன்னும் ஆள் வரணுமா?" என்று காதர் கேட்டார்.

"எங்க பெரியப்பாவுக்கு" என்றாள் லில்லி.

"அவர் எங்க?"

"இங்கதான் இருக்காவ" என்று நாற்காலியைக் காட்டினாள்.

பிறகு பெட்ரு சொன்னார். சேட்டின் அண்ணன் கப்பலில் தச்சு வேலை பார்த்தவர். அவர்தான் தம்பியைப் பம்பாய்க்குக் கூட்டி வந்தது. ஒரு பயணத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். உடலைக் கடலிலேயே இறக்கிவிட்டார்கள். கல்லறை இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை இந்த நாற்காலிதான். முன்பெல்லாம் வீட்டில் வைப்பார்களாம், அந்த வருஷம்தான் எங்களோடு ஓட்டலில் வைத்தார்கள்.

சாப்பிட்டு முடிந்ததும் அந்தக் கிண்ணத்தில் இருந்ததைச் சேட் எடுத்துச் சாப்பிட்டார். நான் எழுந்து எல்லாவற்றையும் எடுத்துப் போய்க் கழுவினேன். லீவு நாள்தானே, விடு என்றார்கள். எனக்கு எச்சில் கிடந்தால் பொறுக்காது. சேட் பழக்கத்தில் கூப்பிட்டார், எத்தனை என்று. நானும் சொன்னேன்.

4

நாலு நாள் கழித்து எங்களை ஒவ்வொருவராக ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் சீனர்கள் கூட்டம் போட்டதாக யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

என் முறை வந்தது. ஆபீஸர் அதட்டவில்லை. உட்காரச் சொன்னார். நான் நின்றேன். ஹிந்தியில் கேட்டார். என்ன வேலை என்றார். கிண்ணம் கழுவுகிறேன் என்றேன். அன்று அங்கே இருந்தாயா என்றார். இருந்தேன் என்றேன்.

எத்தனை பேர் சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

ஒன்பது என்றேன்.

யோசிக்கவில்லை. யோசிக்க அதில் ஒன்றுமில்லை. கழுவினது ஒன்பது. தினமும் ஒருவர் கேட்பார், நான் சொல்வேன். அதே மாதிரி வந்துவிட்டது. கிளார்க் இங்கிலீஷில் எழுதி நீட்டினார். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது விரலை மடக்கினேன். சேட், சேட்டாணி, லில்லி, குக், பெட்ரு, பகதூர், காதர், நான். ஒரு கை முடிந்து மறு கையில் மூன்று. இரண்டு விரல் மிச்சம் இருந்தது. ஒரு விரல்தான் மிச்சம் இருக்க வேண்டும் நான் சொன்னபடி.

திரும்பிப் போனேன். ஆபீஸர் எழுந்து போய்விட்டார், திங்கட்கிழமை வா என்றான் வாசலில் இருந்த பியூன்.

காதரிடம் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அவரும் பெட்ருவும் எட்டு என்று சொல்லியிருந்தார்கள். பகதூரும் எட்டு. நான் ஒருவன்தான் ஒன்பது.

"ஒன்பதாவது ஆள் யாருன்னு தேட மாட்டானாவே?" என்றார்.

தேடினார்கள். சனிக்கிழமை வந்தார்கள். பரணில் ஏறினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் கம்பை விட்டுப் பார்த்தார்கள். மாவுச் சாக்குகளைக் கிழித்தார்கள். நான் ஓட்டைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது சேட்டை அழைத்துப் போனார்கள். அவர் அன்றும் இஸ்திரி போட்ட சட்டைதான் போட்டிருந்தார்.

திங்கட்கிழமை போனேன். பத்து மணியிலிருந்து பெஞ்சில் இருந்தேன். மூன்று மணிக்குமேல் ஒரு கிளார்க் வந்தார். நெற்றியில் விபூதி. நான் திணறித் திணறி ஹிந்தியில் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தமிழில் பேசினார். மாட்டுங்காவில் வீடாம். நல்ல மனுஷர். அதைச் சொல்ல வேண்டும்.

"அன்னிக்கு ஒன்பதுன்னேள். இன்னிக்கு எட்டுங்கறேள். நான் எதை எழுதறது?"

எட்டுத்தான் சரி, ஒன்று செத்தவருக்கு வைத்த கிண்ணம் என்றேன்.

"செத்தவர் சாப்பிட்டார்னு எழுதட்டுமா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாத்தி எழுதினா, உமக்கு யார் சொல்லிக் குடுத்தான்னு கேப்பா. உம்மையும் உள்ளே உக்காத்தி வெப்பா. குழந்தைகள் எத்தனை?"

"ரெண்டு."

"ஆத்துக்குப் போங்கோ."

வந்துவிட்டேன். மூன்றாவது தடவை போகவில்லை.

ஒற்றை அறைகள் வரிசையாக இருக்கும் எங்கள் சாலில் தை அமாவாசைக்கு அடுத்த வீட்டுக்காரர் செத்துப்போன தகப்பனாருக்கு இலை போடுவார். சோறு, பருப்பு, வடை எல்லாம் வைப்பார். அந்த இலையில் சாப்பிட்டது யார் என்று எந்த ஆபீஸிலும் இதுவரை கேட்டதில்லை.

5

சேட்டை ராஜஸ்தான் பக்கம் சீனர்களை அடைத்துவைத்திருந்த ஒரு முகாமுக்கு ரயிலில் அனுப்பினார்கள். சேட்டாணியும் லில்லியும், "நாங்களும் வருகிறோம்" என்று கூடவே போனார்கள். ஓட்டலுக்குச் சீல் வைத்தார்கள். பெரிய குக் கல்கத்தாவுக்குப் போனார். காதர் ஊருக்குத் திரும்பிக் கடை வைத்தார். பகதூர் எங்கே என்று தெரியாது.

எனக்குச் செம்பூரில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் வேலை கிடைத்தது. அங்கேயும் கழுவுகிற வேலைதான். தட்டுகள் எவர்சில்வர். கீழே விழுந்தாலும் உடையாது. எண்ண வேண்டியதில்லை. நான் எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன்.

இரண்டாம் வருஷம் ஒரு புதன்கிழமை மாஹிம் கோயில் வாசலில் பெட்ருவைப் பார்த்தேன். மெழுகுதிரி வாங்கிக்கொண்டிருந்தார். முகாமில் முதல் கோடையிலேயே சேட் இறந்துவிட்டார் என்று சொன்னார். வெயில் என்றார். நெஞ்சு என்றார். எனக்கும் ஒரு மெழுகுதிரி வாங்கினேன். கொளுத்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

என் மனைவி மரியாளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டலை மூடிவிட்டார்கள் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். ஆனால் வீட்டில் தட்டு வைத்தால் நான் எண்ணிவிடுவேன். நாலு பேர், நாலு தட்டு. கறி வைக்க என்று ஐந்தாவதாக ஒரு தட்டை அவள் கீழே வைத்தால் எடுத்து மேலே வைத்துவிடுவேன். என்ன பழக்கம் இது என்று திட்டுவாள்.

சில நாள் கேண்டீனில் குழாயை மூடியதும் கேட்கும். முத்து, கித்னா. திரும்பிப் பார்க்கமாட்டேன். பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். யாராவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்றும் இருந்தது.

6

போன வருஷம் சேட்டாணியும் லில்லியும் திரும்பி வந்து ஓட்டலைத் திறந்துவிட்டார்கள். அதையும் பெட்ருதான் சொன்னார். மறு வாரத்திலிருந்து மாஹிம் கோயிலுக்கு அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டேன். சுற்றிப் போனேன்.

ரோசிக்கு இப்போது பதினெட்டு. மாட்டுங்காவில் டைப் அடிக்கப் படிக்கிறாள். அவளுக்கு அந்த ஓட்டலைப் பற்றித் தெரிந்தது நான் அங்கே வேலை பார்த்தேன் என்பது மட்டும்.

"கிளாஸ்ல எல்லாரும் போயாச்சுப்பா. எங்கப்பா அங்கதான் காம் பண்ணாருன்னு சொன்னா நம்ப மாட்டேங்காளுவ" என்றாள்.

வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். என் மகன் அருளுக்குப் பதினான்கு. அவன் தமிழ் வாசிக்க மாட்டான். இதையும் வாசிக்கப் போவதில்லை. அவனும் சேர்ந்துகொண்டான். மரியாள், "பிள்ளைய ஒரு நாள் ஆசைப்படுது. லீவு நாளுல சும்மாதான கெடக்கீங்க" என்றாள்.

எனக்கு லீவு திங்கட்கிழமை. அந்த வாரம் அடுத்த வீட்டில் தை அமாவாசைக்கு வாழையிலை வாங்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். அமாவாசை திங்கட்கிழமை என்று காதில் விழுந்தது. எனக்கு ஒரு வழி தெரிந்தது. சீனர்களின் வருஷப் பிறப்புக்கு முந்தின நாள், அன்று ஓட்டல் மூடியிருக்கும். கூட்டிப் போவோம். மூடியிருப்பதைக் காட்டுவோம். திரும்பி வந்துவிடுவோம். கூட்டிப்போனதாகவும் இருக்கும், உள்ளே போகாததாகவும் இருக்கும்.

சரி, திங்கட்கிழமை போவோம் என்றேன். ரோசி புதுத் தாவணி போட்டுக்கொண்டாள். எனக்கு அது கஷ்டமாக இருந்தது.

7

ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

"பாத்தியா, லீவு. வாங்க, இரானிக் கடையில சாயா குடிச்சிட்டுப் போவோம்" என்று சத்தமாகச் சொன்னேன். சத்தமாகச் சொன்னதுதான் தப்பு.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாருவே அது? முத்துவா?"

ஷட்டர் மேலே போனது. லில்லி நின்றாள். உயரமாகிவிட்டாள். சேட்டின் நெற்றி அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தாள், மரியாளைப் பார்த்தாள், பிள்ளைகளைப் பார்த்தாள்.

"வாரும் அண்ணாச்சி. அக்கா, வாங்க. இன்னைக்கு வரணும்னு ஓமக்குத் தெரிஞ்சிருக்கு பாரும்" என்றாள்.

நான் எதற்கு அந்த நாளைப் பார்த்து வந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது. உள்ளே போனேன்.

அருள் அக்காவிடம் கிசுகிசுத்தான். "ஏய், இவ நம்மளவிட அச்சா தமிழ் பேசுறா."

அதே வட்ட மேசை. சேட்டாணி எழுந்து வந்து மரியாளின் கையைப் பிடித்துக்கொண்டார். முடி முழுதும் வெளுத்துவிட்டது. கோழிச்சாறு வந்தது. சேவை வந்தது. ரோசி குச்சியைப் பிடிக்கப் பழகினாள். லில்லி அவள் விரலை எடுத்து வைத்துக் காட்டினாள். அருள் கையால் தின்றான். சேவையை உடைக்காமல் உறிஞ்ச வேண்டும் என்று நான் சொன்னேன். மரியாள் உறிஞ்சும்போது நுனி மூக்கில் அடித்தது. எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிள்ளைகள் இவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அதையும் எழுத வேண்டும்.

மேசையில் காலி நாற்காலிகள் இருந்தன. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எண்ணாதே என்று என்னைப் பிடித்துக்கொண்டேன்.

மீன் வந்தது. முழு மீன். சேட்டாணி முதல் துண்டை எடுத்துக் காலி நாற்காலி ஒன்றின் முன்னிருந்த கிண்ணத்தில் வைத்தார். அடுத்த காலி நாற்காலிக்கு முன்னிருந்த கிண்ணத்தில் இன்னொரு துண்டை வைத்தார்.

"இன்னும் யாரு வரணும்?" என்று அருள் கேட்டான்.

கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"லில்லி, ஆபீஸ்ல ஒம்பதுன்னு சொன்னது நான்தான்."

மரியாள் நிமிர்ந்து பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. கிண்ணத்தை எண்ணிச் சொன்னதை, திரும்பிப் போனதை, கிளார்க்கை, மூன்றாவது தடவை போகாததை, எல்லாம் சொன்னேன். நாலு வாக்கியம்தான் இருக்கும். ஐந்து வருஷமாக அது பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

லில்லி மீனின் முள்ளை ஒதுக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்.

"தெரியும் அண்ணாச்சி. அந்தக் காயிதத்த அப்பா முன்னாலதான் வச்சாங்க. கீழ தமிழ்ல கையெழுத்து. அப்பாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனா இது முத்து எழுத்துன்னு சொல்லிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"முத்து எண்ணினா சரியாத்தான் இருக்கும்னாரு."

சேட்டாணிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ன பேச்சு என்று புரிந்திருக்க வேண்டும். தலையை ஆட்டினார்.

ஒன்பதாவது ஆள் யார் என்று ஆபீஸர் கேட்டாராம். அண்ணன் என்றாராம் சேட். எங்கே என்றதற்கு, கடலில் இறந்துவிட்டார் என்றாராம். இறந்ததற்குக் காகிதம் கேட்டார்கள். கடலில் இறக்கிய ஆளுக்கு ஏது காகிதம். பெயர் இருக்கிறது, வந்திறங்கியதற்குப் பதிவு இருக்கிறது, செத்ததற்கு ஒன்றும் இல்லை. அப்படியானால் எங்கேயோ ஒளிந்திருக்கிறான் என்றார்கள்.

லில்லி சொன்னாள்: "கடைசியில அந்த ஆபீஸரே எறங்கி வந்தாரு. எட்டுப் பேருதான், வேற யாரும் இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடு, வீட்டுக்குப் போன்னாரு. அப்பா எழுதல. அன்னைக்கு அண்ணன் வந்திருந்தாரு, வரலன்னு என் கையால எழுத மாட்டேன்னுட்டாரு. அம்மா அழுதா. அப்பவும் எழுதல."

இதைக் கேட்டால் நெஞ்சு லேசாகும் என்று ஊரில் படிப்பவர்கள் நினைக்கலாம். இல்லை. நான் எட்டு என்றிருந்தால் அந்தக் கேள்வியே அவரிடம் போயிருக்காது. என் எண்ணிக்கையை நம்பியிருக்கிறார். ஆறு வருஷம் நம்பினவர் அன்று மட்டும் சந்தேகப்பட்டிருக்கலாம்.

மரியாள் மெல்லக் கேட்டாள். "அதான் வீட்டுல தட்ட எண்ணுதீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் தன் கிண்ணத்திலிருந்து மீன் துண்டு ஒன்றை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தாள். பிள்ளைகள் முன்னால் அவள் அப்படிச் செய்ததில்லை. சாப்பிட்டேன். ஆறிப்போயும் நன்றாக இருந்தது.

எல்லாரும் முடித்ததும் எழுந்தேன். கிண்ணங்களை எடுத்தேன்.

"விடும் அண்ணாச்சி, லீவு நாளு" என்றாள் லில்லி.

நான் கேட்கவில்லை. சேட்டாணி காலி நாற்காலிப் பக்கத்துக் கிண்ணங்களில் இருந்ததை எடுத்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றேன். பிறகு அவற்றையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். குழாய் அதே குழாய். சாக்கட்டி எழுதிய சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். கிண்ணங்களில் நீல மீன் தேய்ந்திருந்தது. ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து அடுக்கினேன்.

முன்பக்கத்தில் பேச்சு நின்றது. பிறகு லில்லி கூப்பிட்டாள். அவள் அப்பா கூப்பிடும் அதே இடத்தில் நின்றிருக்க வேண்டும்.

"முத்து, எத்தனை?"

மேசையில் இருந்தவர்களை நினைத்தேன். சேட்டாணி, லில்லி, மரியாள், ரோசி, அருள், நான். விரலை மடக்கிப் பார்த்தேன். பிறகு கிண்ணங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். ஒரே தடவைதான் எண்ணினேன். அவளுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

எட்டு.